நண்டுக் கொழுப்பும் உன் அம்மாவும்

தம்பி,

உன் அம்மா சோறாக்குவதை நிறுத்திவிட்டாள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம் இருக்கட்டும், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு வந்துவிட்டு நீ மெட்ராஸுக்கு பஸ் ஏறினாயே, அன்று சாயங்காலத்திலிருந்து அவள் அடுப்புப் பக்கம் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "எங்கையால இனிமே யாருக்கும் எதுவும் வாணாங்க. நீங்களே வடிச்சிக்கங்க" என்கிறாள். நானும் வடிக்கிறேன். என் சமையல் லட்சணம் உனக்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும். ஒரு நாள் குழைந்து கஞ்சியாகிறது, ஒரு நாள் அடிப்பிடித்துத் தீய்ந்துபோகிறது. அதிலும் ஒரு பிடி எடுத்து உப்பைத் தொட்டு விழுங்கிவிட்டு, தண்ணீரைக் குடித்துச் சுருண்டு படுத்துக்கொள்கிறாள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. வைகாசியில் உனக்குக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையுமாக நீங்கள் வீடு நுழைகிறபோது பால் பழம் கொடுக்க வேண்டியவள் அவள். "பால்பழத்த அவன் சித்தி குடுக்கட்டும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். பெற்றவள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, சித்தி கையால் நீ பால் குடிக்க வேண்டுமாம். ஊர் என்ன சொல்லும் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இவள் இப்படியே இருந்தால் வைகாசி வரைக்கும் தாங்குவாளா என்பதுதான் என் கவலை.

இதற்கெல்லாம் காரணம் நீ என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீயே பார்த்துக்கொள். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் நான்தான் வாயைக் கொடுத்தேன். "இத்தினி வருசமா அப்பிடி இன்னாதான்டா படிக்கற?" என்று கேட்டேன். உடனே உனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, வரப்பு வளையில் கையை விட்டு நாலைந்து நண்டு பிடித்துவந்தாய். ஒன்றின் ஓட்டைப் பிளந்து, உள்ளே கொழுப்பு என்று நாம் சொல்கிற மஞ்சள் வஸ்துவை வழித்தெடுத்து, உப்புத் தண்ணீர் விட்டு நசுக்கி, துணியில் வடிகட்டினாய். இரண்டு கண்ணாடி டம்ளரில் பால் ஊற்றி, அம்மா துணி துவைக்க வைத்திருந்த சோடாவில் துளி போட்டு, பையிலிருந்த சீசாவிலிருந்து ஏதோ சொட்டு விட்டாய். பால் ரோஸ்மில்க் மாதிரி சிவந்தது. ஒரு டம்ளரில் மட்டும் நண்டுச் சாற்றை விட்டு, இரண்டையும் வெந்நீர்ச் சட்டியில் வைத்துவிட்டு, "பாருங்க, பாருங்க" என்றாய். சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சாறு விட்ட டம்ளர் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வந்தது. மற்றது சிவப்பாகவே நின்றது. உன் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண் எடுக்காமல் பார்த்தாள்.

"இன்னாப்பா இது, மாயமா?" என்றாள்.

"மாயமெல்லாம் இல்லம்மா. பால்ல கீற கொழுப்ப நண்டோட சாறு ஒடைக்குது. ஒடைச்சா புளிப்பு வரும். புளிப்பு வந்தா செவப்பு போயிடும். லைப்பேஸ்னு பேரு. நத்தைக்கும் கீது, மண்புழுவுக்கும் கீது, கரப்பானுக்கும் கீது. முதுகெலும்பு இல்லாத சீவனுங்க எண்ணெய்ய எப்பிடி செரிக்குதுன்னுதான் நான் பாக்கறேன்."

"கரப்பான் எண்ணெ குடிக்கறத ஒங்கம்மா தெனம் பாக்கறா. அதுக்கு ஸ்காலர்ஷிப் வேறயா?" என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய், அவளும் சிரித்தாள். இந்த வீட்டில் அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

மிச்ச நண்டை அவள் தணலில் சுட்டு, அந்த மஞ்சளைச் சுடுசோற்றில் பிசைந்து உருட்டி உன் தட்டில் வைத்தாள். படிக்கிற பிள்ளை, பட்டணத்தில் ஓட்டல் சோறு தின்று இளைத்துப்போன பிள்ளை என்று எனக்குக்கூட வைக்காமல் உனக்கு வைத்தாள். நீ தட்டைத் தள்ளினாய். "வாணாம்மா. நாம கொழுப்பு கொழுப்புன்னு சொல்றமே, அது கொழுப்பே இல்ல. நமக்கு ஈரலும் கணையமும் தனித்தனியா செய்யற வேலைய நண்டுக்கு அது ஒண்ணே செய்யுது. செரிக்கறதும் அதான், சேத்து வெக்கறதும் அதான். வயல்ல அடிக்கற பூச்சிமருந்து எண்ணெயில கரையற சரக்கு. எல்லாம் அங்கதான் போயி தங்கும்" என்றாய். அவள் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். "அப்பவும் அப்பிடித்தானாப்பா?" என்று கேட்டாள். நீ தலையைத் தூக்கவில்லை. "அப்ப அடிச்சது இதவிட பொல்லாத மருந்தும்மா" என்று சொல்லிவிட்டு, ரசத்தை ஊற்றிக்கொண்டாய். அவ்வளவுதான். சாப்பிட்டு எழுந்தாய், பையைத் தூக்கினாய், போய்விட்டாய்.

நீ சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. என் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளிக்கூடச் செர்த்திஃபிக்காவை வைத்துக்கொண்டு உன்னோடு வாதாட வரவும் இல்லை. ஆனால் கல்யாணம் ஆகப்போகிறவன், ஒன்று கேட்டுக்கொள். சோறு போடுகிறவளிடம் சோற்றைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், தட்டில் கை வைத்துக்கொண்டு சொல்லாதே. சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல். வருகிற பெண்ணிடமும் அப்படித்தான். என் அப்பா எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை, நானும் உன் அம்மா குழம்பை எத்தனையோ நாள் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். அதெல்லாம் உப்பு உறைப்புச் சமாசாரம், அவளும் திருப்பிக் கொடுப்பாள், சாயங்காலம் மறந்துபோகும். நீ சொன்னது மறக்கிற சமாசாரம் இல்லையே தம்பி.

உன் தங்கை அஞ்சலையை நீ எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாயோ தெரியாது. அவளைப் பற்றி நாம் இந்த வீட்டில் பேசுவதே இல்லை. உன்னைவிட மூன்று வயது சின்னவள். வாய் ஓயாது. அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு வயலுக்கும் வீட்டுக்கும் நடப்பாள், வழியெல்லாம் நத்தை ஓடு பொறுக்கிப் பாவாடையில் கட்டிக்கொள்வாள், அதை ஒன்றுவிடாமல் உன் புத்தகப் பையில் கொட்டி வைத்துவிட்டு உன்னிடம் அடி வாங்குவாள். ஐ.ஆர். எட்டு நெல் நம் பக்கம் வந்த புதிது அது. குட்டைப் பயிர், கொத்துக் கொத்தாகக் கதிர் வரும் என்றார்கள், வந்தது. கூடவே குருத்துப்பூச்சியும் வந்தது. எண்ட்ரின் மருந்து அடி என்றார்கள். பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற வயலில் அந்த வருஷம் அடிக்காதவன் யார்? நானும் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தேன். மூக்கில் துணிகூடக் கட்டவில்லை. சாயங்காலம் தலை சுற்றியது, மோர் குடித்துப் படுத்தேன், சரியாகிவிட்டது. மருந்து என்றால் பூச்சிக்கு என்று நினைத்திருந்தோம். அது பயிரை விட்டு இறங்கித் தண்ணீருக்குப் போகும், தண்ணீரிலிருந்து வேறு ஒன்றுக்குள் போகும் என்று எங்களுக்கு யார் சொன்னது?

அடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோ நல்ல மழை. அஞ்சலைக்குச் சளி கட்டி இருமிக்கொண்டிருந்தாள். நெஞ்சுச் சளிக்கு வயல் நண்டைவிட வேறு வைத்தியம் நமக்கு என்ன தெரியும்? உன் அம்மா கூழ் கொண்டுவந்தவள் வரப்பைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். வளைக்குள் கையை விட்டுக் கடிபட்டுப் பிடிக்க வேண்டிய நண்டெல்லாம் வரப்பு மேலே ஏறி வந்து மந்தமாகக் கிடந்தன. "ஆத்தா குடுத்தாங்க, பாருங்க" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. செத்த நண்டை ஆக்கக்கூடாது, உள்ளே கரைந்து கெட்டுப்போயிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொன்றாக எடுத்து, காலைக் கிள்ளிப் பார்த்து, அசைந்ததை மட்டும்தான் கூடையில் போட்டாள். அசையாததைத் தூர எறிந்தாள். உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதானே நம்முடைய படிப்பு. உயிர் இருந்தது. சுட்டு, ஓட்டைப் பிளந்து, மஞ்சளைச் சோற்றில் பிசைந்து கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூளைக்காய்ச்சல் என்றார் அங்கிருந்த டாக்டர். மறுநாள் காலையில் வெறும் துணியில் சுற்றி அவளைத் திருப்பித் தந்தார்கள்.

மூளைக்காய்ச்சல் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உன் அம்மா இத்தனை வருஷம் நடமாடினாள். யார் கேட்டாலும் அதைச் சொல்வாள். காய்ச்சல் வந்தது, கொண்டுபோய்விட்டது, நாம் என்ன செய்ய முடியும் என்று சொல்லிச் சொல்லி ஒருவழியாக மனசை ஆற்றிக்கொண்டாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே நீ அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டாய். நீ போன பிறகு நானும் என்னால் ஆனமட்டும் பேசிப் பார்த்தேன். "மருந்து அடிச்சவன் நானு. பாவம்னு ஒண்ணு கீதுன்னா அது எனக்குத்தான் மொதல்ல" என்றேன். "நீங்க பயிருக்கு அடிச்சீங்க. வாயில வெச்சது நானு" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் புரட்டாசியில் பிறந்த குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். தொடமாட்டேன் என்று உன் அம்மா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். அதைப் பார்த்த அன்றுதான் உனக்கு எழுதுவது என்று தீர்மானித்தேன்.

என்ன எழுதுவதாக இருந்தேன் என்றால், நீ ஒரு நடை வந்து, அது மூளைக்காய்ச்சல்தான், நண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போ என்று. உனக்கு அது பெரிய பொய்யாகக்கூட இருக்காது. அந்தப் பிள்ளையை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அந்த மழைக்காலத்தில் நண்டே தின்னாத வீடுகளிலும் காய்ச்சல் இருந்தது. காய்ச்சலா, மருந்தா, இரண்டுமா என்று உன் சீசாக்களை எல்லாம் கொண்டுவந்து வைத்தாலும் இனி சொல்ல முடியாது. படித்தவன் நீ சொன்னால் அவள் நம்புவாள். போன வாரம் வரைக்கும் என் யோசனை இதுதான்.

போன வெள்ளிக்கிழமை மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் தானாகவே வந்து பக்கத்தில் குந்தினாள். எவ்வளவோ நாளைக்கப்புறம் முகத்தில் கொஞ்சம் களை இருந்தது. "ஏங்க, அன்னிக்கி தம்பிக்கும் ஒரு உருண்ட வெச்சனே. ரெண்டு பேருக்கும் சமமாத்தான வெச்சேன். அவனும் துன்னான். அவனுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றாள். ஆமாம் என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அன்றைக்கே அடுப்பு எரிந்திருக்கும். ஆனால் அந்த மழை நாளில் நான் உங்கள் இருவருக்கும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். உனக்கு அந்த மஞ்சள் பிடிக்காது, கசக்கிறது என்பாய். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பியதும் உன் உருண்டையை அஞ்சலை தட்டுக்குத் தள்ளிவிடுவாய், அவள் வாயை ஒரு கையால் பொத்திச் சிரித்துக்கொண்டே விழுங்குவாள். எப்போதும் நடக்கிற கூத்து அது. அன்றும் நடந்தது. என் வாய்க்கு ஆமாம் வரக் கொஞ்சம் தாமதமானது, அதற்குள் அவள் என் முகத்தைப் படித்துவிட்டாள்.

"துன்னலியா?" என்றாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். "அவளுக்குக் குடுத்துட்டானா?" என்றாள்.

வயிற்றில் அடித்துக்கொண்டு அழப்போகிறாள் என்று பயந்து எழுந்துவிட்டேன். அவள் அழவில்லை. வயல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அப்புறம், "அப்பவும் அப்பிடித்தானான்னு நான் கேட்டேன். எப்பன்னு அவன் திருப்பிக் கேக்கவே இல்ல, பாத்தீங்களா?" என்றாள். "எத்தினி வருசமா இத்த மனசுல போட்டுக்கினு கெடக்கறானோ எம் புள்ள. ஒலகத்துல படிக்க வேற ஒண்ணுமே இல்லாதமாரி நண்டப் போயி எடுத்துக்கினானே, நாம ஒரு வார்த்த கேட்டமா?" என்று சொன்ன பிறகுதான் அழுதாள். தனக்காக அழவில்லையடா. உனக்காக அழுதாள். நானும் மானம் பார்க்காமல் அழுதேன். பக்கத்தில் வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

உன்னிடம் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. நீ பதில் எழுதவும் வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளை நீ அப்போது. வீட்டில் எது உசத்தி என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாளோ, அதைத் தங்கைக்குக் கொடுத்தாய். உலகத்தில் எந்த நியாயஸ்தலத்தில் நிறுத்தினாலும் நீ செய்தது அவ்வளவுதான். இதை நான் உன் தலையைத் தடவிச் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாத அப்பன், தாளில் எழுதுகிறேன்.

அன்றைக்கு மாலையே உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அவள் என்னை உட்கார வைத்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுத வேண்டுமாம். நான் ஒரு எழுத்தும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னாள், இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். "இத்த அவன் நம்பணும். நம்பிட்டான்னு தெரிஞ்சாதான் நான் அடுப்ப மூட்டுவேன்" என்கிறாள். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இத்தனை நாள் பழி தன் தலையிலிருந்து இறங்காதா என்று தவித்தவள், இப்போது முழுசையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு, பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறாள். தடுக்க எனக்குத் தெம்பில்லை. நீ இதை நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அன்று அந்தத் தட்டு உன் முன்னால்தான் இருந்தது. இருந்தாலும் வா. வந்து, நம்பிவிட்டேன் என்று சொல். அவள் எதைப் போட்டாலும் மறுபேச்சில்லாமல் சாப்பிடு. நண்டு போடமாட்டாள், பயப்படாதே. நான் எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, அவள் சொன்ன தாளை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வா. அதைத் தனியாக மடித்து இதற்குள் வைத்திருக்கிறேன்.

"தம்பி, அம்மா சொல்றேன். அன்னிக்கி கொழுப்பு கொஞ்சூண்டுதான் இருந்திச்சி. தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லன்னு மொத்தத்தையும் அவ சோத்துலதான் பெசஞ்சேன். ஒனக்குத் தெரியக்கூடாதுன்னு மஞ்சப்பொடி போட்டு உருட்டி வெச்சேன். ஒங்கப்பாவுக்கு இது தெரியாது, அவரு சொல்றத நம்பாத. கல்யாணத்துக்கு மின்ன ஒரு வேள வந்து சாப்ட்டுட்டுப் போ. நீ அவளுக்குக் குடுத்தது வெறுஞ் சோறுதான்பா."